தாய்ர பேரச் சொல்லுங்க

முதல் நாள் முதல் கேள்வியே அதுதான். நான் காணிக் கந்தோருக்குள் போய், கொழும்பிலிருந்து கொண்டுவந்த கடிதத்தை நீட்டி, என் பெயரையும் பதவியையும் சொல்லி, நாடு முழுவதிலும் உள்ள பழைய ஆவணங்களை ஒரே முறையில் பட்டியலிட்டுப் பாதுகாக்கும் திட்டத்துக்கு இந்தப் பகுதி இணைப்பாளர் நான்தான் என்று விளக்கி முடித்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மனுஷி கடிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை. கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு கேட்டார்.

“உங்கட அம்மாட பேர் என்ன சேர்?”

எனக்குக் காது வரைக்கும் சூடேறிவிட்டது. மட்டக்களப்பில் பிறந்தவனுக்கு இந்தக் கேள்வியின் வால் எங்கே போய் நிற்கும் என்று தெரியும். இங்கே குடி, அதாவது குலம், தாய்வழி. தாயின் பெயரைச் சொன்னால் தாயின் ஊர், ஊரைச் சொன்னால் என்ன குடி, குடியைச் சொன்னால் கோயிலில் எத்தனையாம் மரியாதை என்று இழுத்துக்கொண்டே போவார்கள். செங்கலடியில் பிறந்தும் இருபத்தைந்து வருஷம் கொழும்பில் ஒதுங்கி இருந்தவன் நான். பாதிக் காரணம் இந்த விசாரணைகள்தான்.

“அது இந்தக் கடிதத்துக்குத் தேவையில்ல மிஸ்” என்றேன்.

“சரி சேர். சொல்லக்குள்ள சொல்லுங்க.”

கடிதத்தை மேசை லாச்சிக்குள் போட்டு மூடினார். அது எந்தக் காகிதக் கோவைக்கும் போகவில்லை. பல மாதம் அந்த லாச்சியிலேயே கிடந்தது. நான் கேட்கும்போதெல்லாம், “அது எங்க வைக்கிற எண்டு இன்னும் தெரியல்ல சேர்” என்பார்.

அவருடைய பெயர் இங்கே வேண்டாம். கந்தோரில் எல்லாருக்கும் அவர் ‘றெக்கோட் மிஸ்’. புளியந்தீவில் வாவியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பழைய கட்டடம் ஒன்றின் பின்பக்கத்து நாலு அறையும் அவருடைய ராச்சியம். காணி அனுமதிப்பத்திரங்கள், விசாரணைக் குறிப்புகள், வரைபடங்கள், யாரும் கேட்காத சுற்றறிக்கைகள் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். மெலிந்த மனுஷி. பருத்திச் சேலை. நடக்கும்போது செருப்பு சத்தம் போடாது. திடீரென்று முதுகுக்குப் பின்னால் நின்று, “தேத்தண்ணி குடிச்சிட்டீங்களா சேர்?” என்று கேட்டு நெஞ்சைப் பதற வைப்பார்.

முதல்முறை அந்த அறைகளைத் திறந்து காட்டியபோது எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கூரை வரைக்கும் இறாக்கை. இறாக்கை முழுக்கச் சீலைக் கட்டுகள். பழைய சேலைகளை நாடாவாகக் கிழித்துக் கோவைகளைக் கட்டுக்கட்டாகக் கட்டி அடுக்கியிருந்தார். ஒவ்வொரு கட்டிலும் நூலில் ஒரு மட்டைத் துண்டு தொங்கியது. அதில் கோவை இலக்கம் இல்லை. வருஷம் இல்லை. தங்கப்பிள்ளை, கரடியனாறு. ஆசியா உம்மா, ஏறாவூர். மரியப்பிள்ளை, புளியந்தீவு. இப்படியே பெண்களின் பெயர்கள்.

“இவங்க எல்லாம் ஆர் மிஸ்?”

“தாய்மார்” என்றார், நான் ஏதோ சூரியனைக் காட்டி அது என்ன என்று கேட்டதுபோல.

நான் பொறுமையாகத்தான் தொடங்கினேன். சத்தியமாகப் பொறுமையாக. அனுமதிப்பத்திரம் ஒவ்வொன்றுக்கும் இலக்கம் இருக்கிறது, அந்த இலக்கப்படி அடுக்கினால் உலகத்தில் எவரும் வந்து எடுக்கலாம், யாழ்ப்பாணத்திலும் காலியிலும் பதுளையிலும் இனி அப்படித்தான் அடுக்கப் போகிறார்கள், ஒரே இலக்க முறை, ஒரே படிவம், ஒரே பட்டியல் என்று விளக்கினேன். கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

“நல்ல விசயம்தான் சேர். ஆனா இலக்கத்தோட ஆர் வாறாங்க? அழுதுகொண்டெலுவா வாறாங்க.”

“அழுதுகொண்டு வந்தாலும் தகப்பன்ர பேரோ புருசன்ர பேரோ தெரியும்தானே?”

“தெரியும். ஆனா பத்திரத்தில எந்தப் புருசன்ர பேர் கிடக்கு எண்டு தெரியாதே. இஞ்ச வீடு வளவெல்லாம் பொம்புளப் புள்ளைக்குத்தானே சேர் போகுது. ஆம்புளயள் வருவாங்க, போவாங்க, சாவாங்க. சண்டை நடந்த காலம் ஆம்புளயள் கந்தோர்ப் பக்கம் வரவே ஏலாமக் கிடந்துது. வந்தது முழுக்கப் பொம்புளயள்தான். நம்பரும் இல்ல, துண்டும் இல்ல. தாய்ர பேர் மட்டும் தெரியும். அது ஒருத்தருக்கும் மறக்காது.”

இதைவிட நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை. எரிச்சலில் கீழ்த்தட்டுக் குவியலைக் காட்டி, “சரி, சுற்றறிக்கைக்குத் தாய் ஆர்?” என்று கேட்டேன்.

“அதுகளுக்குத் தாய் இல்ல சேர். அதாலதான் கீழ்த்தட்டில கிடக்கு.”

அந்தக் கீழ்த்தட்டின் மகிமை எனக்கு மார்கழியில் விளங்கியது. வாவி பெருகினால் அந்தக் கட்டடத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வரும். அவருக்கு அது தெரியும். தாய் தெரிந்த காகிதங்கள் மேலே, தாய் இல்லாதவை கீழே. எங்கள் திட்டத்தின் வழிகாட்டிப் புத்தகங்கள் வந்து இறங்கியதும் நேரே கீழ்த்தட்டுக்குப் போயின. அந்த வருஷ வெள்ளத்தில் நாலு நாள் ஊறிக் கிடந்தன. வெயிலில் காயப்போட்டு எடுத்தபோது ஒவ்வொன்றும் தலையணை மாதிரி உப்பிப் போயிருந்தது. “ஐயோ, சேர்ர புத்தகம்” என்று அவரே முன்னின்று காயப்போட்டார். அதுதான் இன்னும் ஆத்திரம்.

ஒரு நாள் வேண்டுமென்றே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஏறாவூரில் இருந்து ஒரு முஸ்லிம் காக்கா வந்திருந்தார், ஐம்பது வயது இருக்கும். காணிப் பத்திரத்தின் பிரதி வேண்டுமாம். கையில் ஒரு துண்டும் இல்லை.

“உம்மாட பேர்?”

“சுலைஹா உம்மா.”

“எந்தச் சுலைஹா உம்மா? பள்ளிக்குப் பின்னால இருந்தவவா?”

“ஓம், அவதான். மௌத்தாகி நாலு வருசம்.”

“அப்ப வீடு உங்கட மூத்த ராத்தாவுக்கெலுவா? இரிங்க, வாறன்.”

நாலு நிமிஷம். கோவை மேசைக்கு வந்துவிட்டது. காக்கா இரண்டு கையாலும் வாங்கினார். நான் கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டேன்.

இதனால் நான் மனம் மாறிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது. ஒரு மனுஷியின் தலைக்குள் இருக்கிற ஒழுங்கை நம்பி நாலு அறைக் காகிதத்தை எப்படி விடுவது? நாளைக்கு அவருக்குக் காய்ச்சல் வந்தால்? எந்தச் சுலைஹா உம்மா பள்ளிக்குப் பின்னால் இருந்தவர் என்று அடுத்து வருகிறவருக்கு எப்படித் தெரியும்? நான் அன்றைக்குச் சொன்னது சரியான நியாயம். இன்றைக்கும் சொல்வேன்.

அதைவிடப் பெரிய காரணமும் ஒன்று இருந்தது. அந்தப் பழைய கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று முடிவாகிவிட்டது. சித்திரை வருஷப் பிறப்புக்கு முன்னால் எங்கள் பட்டியலில் ஏறிய கோவைகள் அமிலம் இல்லாத பெட்டிகளில் புதுக் கட்டடத்துக்குப் போகும். ஏறாதவை ‘அடையாளம் காணப்படாதவை’. அவற்றை அழித்துவிடலாம் என்று உத்தரவு. இதை அவரிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! ஒவ்வொரு தரமும் தலையை ஆட்டுவார். ஒவ்வொரு தரமும் அடுத்த நாள் காலை அதே சீலை, அதே கட்டு, அதே மட்டைத் துண்டு.

பொறுக்க முடியாமல் கொழும்புக்கு எழுதினேன். திட்டத்தின் பணிப்பாளர் நேரிலேயே வந்துவிட்டார். கண்டிப் பக்கத்துச் சிங்கள அம்மணி, கண்டிப்பானவர் என்று பெயர் எடுத்தவர். இனியாவது இந்த மனுஷி அடங்குவார் என்று எனக்குள் ஒரு சந்தோஷம். பணிப்பாளர் வந்து உட்கார்ந்ததும் மிஸ் என்னைப் பார்த்தார்.

“மேடம்ட அம்மாட பேர் என்ன எண்டு கேளுங்க சேர்.”

இதை எப்படி மொழிபெயர்ப்பது? ‘உங்கள் அம்மா சுகமாக இருக்கிறாரா என்று கேட்கிறார்’ என்று சிங்களத்தில் சமாளித்துவிட்டேன். பணிப்பாளரின் முகம் சுருங்கியது. அவருடைய அம்மா போன மாதம்தான் இறந்திருந்தார். மேசை துடைக்கும் துணியைத் தவிர வேறு எதுவும் கிடைக்காமல் நான் என் கைக்குட்டையைக் கொடுக்க வேண்டியதாயிற்று. அழுதுகொண்டே அம்மாவின் கதையைச் சொன்னார், பெயரையும் சொன்னார். மிஸ்ஸுக்குச் சிங்களம் அரைகுறைதான். ஆனால் பெயர் மட்டும் சரியாகக் காதில் விழுந்துவிட்டது. ஒரு மட்டைத் துண்டை எடுத்து, ‘சோமாவதி, கண்டி’ என்று எழுதினார். கீழ்த்தட்டில் கிடந்த உப்பிய வழிகாட்டிப் புத்தகம் ஒன்றை எடுத்துச் சீலை நாடாவால் கட்டி, அந்தத் துண்டைத் தொங்கவிட்டு, நடுத்தட்டுக்கு மேல் வைத்தார்.

“எழுதினது இவவெலுவா. தாய் தெரிஞ்சாச்சு. இனி மேல வைக்கலாம்.”

பணிப்பாளர் போகும்போது என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: அந்த அம்மா நல்லவர், அவரோடு அனுசரித்துப் போங்கள், ஆனால் தவணை தவணைதான். தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

அனுசரித்துத்தான் போனேன். எங்கள் படிவத்தில் பன்னிரண்டு கட்டம். பதினொன்றில் இலக்கம், வருஷம், உரிமையாளர், இடம் என்று எல்லாம் வந்துவிடும். பன்னிரண்டாவது ‘வேறு குறிப்புகள்’. ஒரு விரல் அகலத்துக்கு வெற்றிடம். ஒரு மத்தியானம் மிஸ் அதைத் தொட்டுக் காட்டினார்.

“இதில என்ன எழுதிற சேர்?”

“ஒண்டும் இல்ல. விரும்பினா ஏதும் எழுதலாம்.”

“தாய்ர பேர் எழுதலாமா?”

அந்தக் கட்டம் எங்களுக்கு அன்று கோயில் கதவு திறந்த மாதிரி. இலக்கப்படி அடுக்க, பெட்டியில் போட, சீலைகளை அவிழ்க்க எல்லாவற்றுக்கும் சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனை. ஒவ்வொரு படிவத்திலும் பன்னிரண்டாம் கட்டத்தில் தாயின் பெயர் இருக்க வேண்டும், அது கம்பியூட்டரிலும் ஏற வேண்டும். நான் வாக்குக் கொடுத்தேன்.

அடுத்த எட்டு மாதமும் ஒரே மேசையில் எதிரெதிரே இருந்தோம். என் ஆயுளில் எட்டு வருஷம் அதில் போயிருக்கும். நான் பதினொரு கட்டத்தையும் நிரப்பித் தள்ளுவேன். அவர் பன்னிரண்டாவதைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பார். பெயர் தெரியாத கோவை வந்தால் வேலை நின்றுவிடும். ஒரு துண்டில் விவரத்தை எழுதி மடித்து எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போய்விடுவார். பதுளை வீதி பஸ் கொண்டக்டர்மார் எல்லாம் அவருக்குப் பழக்கம். துண்டு செங்கலடிச் சந்தியில் ஒரு கடைக்கும், அங்கிருந்து கரடியனாற்றுக்கும் போய், இரண்டு மூன்று நாளில் அதன் பின்பக்கத்தில் பதிலோடு திரும்பும். ஒரு தரம் பதிலோடு ஒரு பை வறுத்த கச்சான் கொட்டையும் வந்தது. போன் அடித்துக் கேட்கலாமே என்றேன். “போன்ல ஆர் சேர் தாய்ர கத சொல்லுவாங்க” என்றார்.

இடைக்கிடை, ஏதோ புதிதாக யோசனை வந்தது போல, “உங்கட அம்மாட பேர்…” என்று தொடங்குவார். நான் முறைப்பேன். நிறுத்திவிடுவார்.

மாசி பிறந்தபோது எனக்கு நித்திரை போய்விட்டது. தட்டச்சு செய்ய எடுத்தவர்கள் நாலு பேர்தான். மலை மாதிரிப் படிவம். பன்னிரண்டாம் கட்டத்தில்தான் அதிக நேரம் போகிறது என்றார்கள். உண்மைதான். மிஸ் அதில் பெயரோடு நிற்கவில்லை. பொடி எழுத்தில் ஓரம் வரைக்கும் நிரப்பி, தாளின் பின்பக்கத்துக்கும் போயிருந்தார். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இப்படியே போனால் பாதிக் கோவை பட்டியலில் ஏறாது. ஏறாவிட்டால் அழிப்பு.

“பன்னிரண்ட விடுங்க. பதினொண்டு வரைக்கும் அடிங்க. பிறகு சேர்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லிவிட்டேன்.

அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே படிவங்களை வாங்கிக்கொண்டு போயிருப்பார். நாலு அறைக் காகிதத்தையும் காப்பாற்றத்தான் அதைச் செய்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் உண்மையும் உண்டு.

தவணைக்கு இரண்டு நாள் முன்னால் எல்லாம் முடிந்தது. கோவைகள் பெட்டிகளுக்குள் போய்விட்டன. படிவங்கள் சாக்குகளில் திரும்பி வந்திருந்தன. நான் ஆறு நாள் சரியாகச் சாப்பிட்டிருக்கவில்லை.

“பன்னிரண்டும் அடிச்சிட்டாங்களா சேர்?”

“ஓம் மிஸ். எல்லாம் அடிச்சாச்சு.”

“அப்ப இந்தப் படிவங்கள்?”

“விதிப்படி அழிக்கிறதுதான். கிழிச்சுப் போடுங்க.”

“ஓம் சேர்” என்றார். வாசல் வரை போனவர் திரும்பினார். “உங்கட அம்மாட பேர் என்ன சேர்?”

பொய் சொன்ன வாய் கசந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்தா இது? கையில் இருந்த கோப்பையை மேசையில் அடித்து வைத்தேன். “வள்ளிப்பிள்ளை! செங்கலடி வள்ளிப்பிள்ளை! போதுமா?” என்று கத்தினேன். முன்பக்கத்துக் கிளாக்கர்மார் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

நான் அடுத்த கேள்விக்காக, அந்தக் குடிக் கேள்விக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அது வரவேயில்லை.

“நல்ல பேர் சேர்” என்றார். போய்விட்டார்.

இரண்டு மாதத்தில் அவருக்கு ஓய்வு. அடுத்த வருஷம் சீனி வியாதி காலில் ஏறி இறந்துபோனார். அன்று கொழும்பில் எங்கள் பட்டியலை நாட்டுக்கு ஒப்படைக்கிற விழா. மேடையில் எனக்கும் ஒரு நினைவுச் சின்னம் தந்தார்கள். செத்த வீட்டுக்கு நான் போகவில்லை.

இப்போது நானும் ஓய்வு பெற்றுச் செங்கலடியில் இருக்கிறேன். புதன்கிழமைகளில் கரடியனாற்றில் இருந்து புஷ்பம் என்ற பெண் எருமைத் தயிர் கொண்டுவந்து தருவார். போன மாதம் ஒரு புதன்கிழமை தயிர்ச் சட்டியை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். அவருடைய இரண்டு ஏக்கரைப் பக்கத்துக் காணிக்காரர் தன்னுடையது என்கிறாராம். திங்கட்கிழமை விசாரணை. பத்திரத்தைக் கறையான் தின்றுவிட்டது. பிரதி எடுக்கக் கந்தோருக்கு மூன்று தரம் போயிருக்கிறார்.

“கம்பியூட்டர்ல இல்ல எண்டுட்டாங்க சேர். எங்களுக்குக் காணியே இல்லயாம்.”

“இல்லாம இருக்காது. அது நாங்க செய்த பட்டியல்” என்று பெருமையாகப் போனை எடுத்துத் தேடினேன். தகப்பன் பெயரைப் போட்டேன். இல்லை. பாட்டன் பெயர். இல்லை. புருஷன் பெயர். இல்லை. இலக்கம் கேட்டேன். “நம்பர் எனக்கு என்னெண்டு சேர் தெரியும்?” என்று சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

என் வாயிலிருந்து அது தானாக வந்தது. “உங்கட அம்மாட பேர் என்ன?”

“கண்ணம்மை.”

விரல் போனுக்கு மேலேயே நின்றது. அந்தப் பெயரை அடிப்பதற்கு அதில் இடம் இல்லை. நான்தான் இல்லாமல் செய்திருந்தேன்.

அடுத்த நாள் காலையே புளியந்தீவுக்குப் போனேன். புதுக் கட்டடம். பொறுப்பாக இருப்பவர் நாற்பது வயதுக்காரர், பண்பானவர். படிவங்களை விதிப்படி அழித்திருப்பார்கள் என்றார். பிறகு, பின்னறையில், இடம் மாறியபோது றெக்கோட் மிஸ் ஏற்றிவந்த பழைய இறாக்கை ஒன்று இருப்பதாகவும், பட்டியலில் ஏறாத சில சீலைக் கட்டுகள் அதில் கிடப்பதாகவும், அடுத்த கிழமை அழிப்புக்கு ஏற்றி அனுப்பப் போவதாகவும் சொன்னார். “என்ன எண்டு ஒருத்தருக்கும் தெரியா சேர். சும்மா பொம்புளப் பேரா எழுதிக் கிடக்கு.”

ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும், இந்த முழங்காலோடு. சோமாவதி கண்டியைக் கண்டேன். அவிழ்த்தேன். உப்பிய வழிகாட்டிப் புத்தகம் மட்டும் இருந்தது. மற்ற மட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பினேன். படிவம் என்று எதிலும் எழுதவில்லை, திட்டம் என்று எழுதவில்லை, என் பெயரும் இல்லை. அழித்துவிட்டார், நான் சொன்னபடியே கிழித்துப் போட்டுவிட்டார் என்று நினைத்தேன். அவர் என் சொல் கேட்டது அந்த ஒரு தரம்தானா என்று ஆத்திரம்கூட வந்தது.

அப்போதுதான் மூளைக்கு ஏறியது. இந்த மனுஷி ஒரு காகிதத்தைத் தேடுகிறவனிடம் என்ன கேட்பார்?

ஏணி கேட்டேன். தண்ணீர் எட்டவே எட்டாத உச்சித் தட்டு. ஒன்றன்மேல் ஒன்றாக ஏழு பெரிய கட்டு, நீலச் சேலை நாடா. ஏழிலும் மட்டைத் துண்டு. ‘வள்ளிப்பிள்ளை, செங்கலடி.’ மேல் கட்டை அவிழ்த்ததும் முதலில் இருந்தது, முதல் நாள் நான் கொடுத்து லாச்சிக்குள் போன கடிதம்.

ஏணியிலேயே நின்று அழுதேன். என் அம்மாவின் பெயரை நான் எழுதிப் பார்த்து எத்தனை வருஷம்! இந்தக் கந்தோரில் அது உச்சித் தட்டில் இருந்திருக்கிறது. நான் ஒளித்த பெயரில்தான் நான் செய்த வேலையைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார். நானோ அவரிடம், எல்லாம் அடிச்சாச்சு என்றேன்.

படிவங்கள் தாய்மாரின் பெயர் ஒழுங்கில்தான் அடுக்கியிருந்தன. கண்ணம்மை, கரடியனாறு. கடிகாரத்தைப் பார்த்தேன், ஆறு நிமிஷம். உரிமையாளர் என்ற கட்டத்தில் யாரோ ஒரு கணபதியின் பெயர். பன்னிரண்டாம் கட்டத்தில் அந்தப் பொடி எழுத்து: ‘தாய் கண்ணம்மை. கணபதி முதல் புருசன், பாம்பு கடிச்சுச் செத்தது, புள்ள இல்ல. மறுகா கட்டினவருக்கு ஒரு மகள், புஷ்பம்.’ தாய்க்கு முன்னொரு கலியாணம் நடந்தது புஷ்பத்துக்கே தெரியாது. வீட்டில் யாரும் அதைக் கதைத்ததில்லையாம். இலக்கம் கிடைத்ததும் பெட்டி கிடைத்தது, பத்திரம் கிடைத்தது. திங்கட்கிழமை புஷ்பம் பிரதியோடு விசாரணைக்குப் போனார். காணி அவருக்கே என்று ஆயிற்று.

ஆனால் இந்த வருஷங்களில் எத்தனை பேர் வந்து, ‘இல்லை’ என்ற ஒரு சொல்லோடு பஸ் ஏறிப் போயிருப்பார்கள்? அதை நினைத்தால் எனக்கு இப்போதும் சோறு இறங்குவதில்லை. கொழும்புக்கு எழுதினேன். ‘அடுத்த கட்டத்தில் கவனிக்கப்படும்’ என்று பதில் வந்தது. அந்தப் பதிலுக்குத் தாய் இல்லை. நானே தினமும் பஸ் ஏறிப் போய்ப் பன்னிரண்டாம் கட்டத்தைத் தனிப் பட்டியலாக அடித்துக்கொண்டிருக்கிறேன். பொடி எழுத்து கண்ணைப் பிடுங்குகிறது. இவ்வளவு பொடியாகவா எழுதுவார் ஒரு மனுஷி?

நேற்றுப் பொறுப்பானவர் இந்த ஏழு கட்டையும் முறைப்படி பதிவில் சேர்த்துவிடலாம் என்றார். நான் சம்மதித்தேன். ஆனால் மட்டைத் துண்டை மாற்ற வேண்டும் என்றேன். இது என் வேலை இல்லை. இது அந்த மனுஷியின் வேலை, அவருடைய தாயின் பெயரில்தான் தொங்க வேண்டும். புது மட்டை ஏழு வெட்டி, நூல் கோத்து, பேனாவையும் கையில் எடுத்துவிட்டேன்.

“சொல்லுங்க சேர், என்ன பேர் எழுதுற?” என்றார் அவர்.

எட்டு மாதம் எதிரெதிரே இருந்தோம். நான் ஒரு நாளும் கேட்கவில்லை.